அமாவாசையன்று அனுப்பிய கோப்பு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து மூன்றாவது முறையும் இழுப்பேன். அப்படிப்பட்டவளிடம்தான், ஒரு பொத்தானை அழுத்தினால் அறுபத்திரண்டு வீடுகளில் இருக்கும் பெட்டிகள் மாறிப்போகிற வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் அலுவலகம் செவிலிமேட்டில் ஒரு மாடியறை. முதலாளியும் நானும்தான். பட்டுத்தறிக்கு மேலே பொருத்துகிற மின்பெட்டிகளைச் செய்துகொடுத்தோம். முன்பெல்லாம் துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் இருக்கிற துளைப்படிதான் சேலையில் மயிலும் கோபுரமும் விழும். அந்த அட்டைகளுக்குப் பதில் எங்கள் பெட்டி. நூல் சுற்றிய நாடா குறுக்கே ஒரு முறை ஓடினால் ஒரு இழை. எந்த இழைக்கு எந்தக் கொக்கிகளைத் தூக்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் சொல்லும், ஒரு மோட்டார் தூக்கும். அந்தக் கம்ப்யூட்டருக்கான புரோகிராம் என்னுடையது.

நான் எழுதுவதை அப்படியே வாங்கிப் புரிந்துகொள்ளும் திராணி வீட்டுப் பெட்டிகளுக்குக் கிடையாது. அதனால் என் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்து, அதாவது இயந்திரம் அப்படியே விழுங்கும் பதத்துக்குச் சமைத்து, ஒரே கோப்பாகக் கட்டி வைத்துவிடுவேன். பெட்டிகள் மணிக்கு ஒரு முறை வீட்டு வைஃபை வழியாக எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டுப் புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்கும். இருந்தால் இறக்கிக்கொண்டு, பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளும். சமையல் கெட்டிருந்தால் பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் வயிறு கெடும். எனக்கு அந்த நினைப்பே போதும், சோறு இறங்காது.

அந்த முறை அனுப்பியாக வேண்டிய கட்டாயம். என் புரோகிராமில் ஒரு பிழை இருந்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால், பெட்டி கடைசியாகப் போட்ட இழையையே இன்னொரு தரம் போட்டுவிடும். முதலில் ஒரு வீட்டில் சொன்னார்கள், பிறகு இரண்டு வீட்டில். நான் உட்கார்ந்து நான்கு நாளில் சரி செய்தேன். எந்த இழையில் நிற்கிறோம் என்பதைப் பெட்டி ஒவ்வொரு இழையும் விழுந்த உடனேயே குறித்து வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன்.

ஒரு வீட்டிலிருந்து மட்டும் புகாரே வரவில்லை. அந்த வீட்டு அக்கா எங்கள் பெட்டியை முதன்முதலாக ஏற்றுக்கொண்ட சிலரில் ஒருவர். முழங்காலில் ஆபரேஷன் ஆனபின் பழைய அட்டைத் தறியின் மிதியை அவரால் அழுத்த முடியவில்லை. இரண்டு வருஷம் தறியில் உட்காராமலே இருந்தார். எங்கள் பெட்டி வந்தால் மோட்டார் தூக்கும், மிதி லேசாகிவிடும் என்று கேள்விப்பட்டு அவரே அலுவலகத்துக்கு வந்து மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். அவர் கணவருக்குப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. பட்டு நூல் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்ளும் கடைக்காரருக்கும் அரை மனசுதான். "ஒரு சேலை கெட்டாலும் பெட்டியைக் கழட்டிடுவேன்" என்று சொல்லித்தான் அனுமதித்திருந்தார். எட்டு மாதமாக ஒரு சேலையும் கெடவில்லை. அக்கா வீட்டுப் பெட்டி சமர்த்து என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எப்போது அனுப்புவது என்ற கேள்வி வந்தபோது நான்தான் அமாவாசை என்றேன். நெசவாளர் வீடுகளில் அன்றைக்குத் தறி ஓடாது. ஓடாத தறியில் மாற்றினால் சேலைக்கு ஆபத்தில்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஏனாத்தூர்ப் பக்கம் விவசாய வீட்டில் பிறந்தவள் நான். அமாவாசை என்றால் எனக்கு வாழைக்காய்ப் பொரியலும் காக்கைக்குச் சோறும்தான். தறி வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

முதல்நாளே எல்லாருக்கும் வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பினேன். "நாளைக்குப் பெட்டியை ஆன் பண்ணியே வையுங்க. முன்னாடி நடுவுல சின்னதா சிவப்பு லைட்டு எரியும். அது எரியிறப்ப ஆஃப் பண்ணிடாதீங்க. அணைஞ்ச அப்புறம் பண்ணலாம்." விளக்கைப் பெட்டியின் முகப்பில் நடு உச்சியில் வைக்கச் சொன்னதும் நான்தான். அங்கே வைத்தால்தான் எல்லார் கண்ணிலும் படும் என்று முதலாளியிடம் வாதாடி வாங்கியிருந்தேன்.

அன்று காலை முதலாளி தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கத் திருமுக்கூடல் போய்விட்டார். "ஒண்ணும் ஆவாதும்மா, மூணு நாளா டேபிள் மேல ஓட்டிப் பார்த்துட்ட இல்ல" என்று போனில் சொன்னார். பார்த்தேன்தான். இரண்டு பெட்டிகள் என் மேஜையில் மூன்று நாள் பிழையில்லாமல் ஓடின. பதினொரு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் அறுபத்திரண்டு வரிகள். இறக்கிக்கொண்டிருந்தால் மஞ்சள், எழுதிக்கொண்டிருந்தால் சிவப்பு, முடிந்தால் பச்சை. எழுதி முடிக்க ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் ஆகும். பெட்டிகள் கேட்கிறபோதுதான் கோப்பு போகும் என்பதால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறம் மாறின. பதினொன்றரைக்கு இருபது பச்சை. எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. டீ சொல்லியனுப்பலாமா என்று கூட யோசித்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிவப்பு வரி சாம்பல் நிறமாயிற்று. சாம்பல் என்றால் எழுதிக்கொண்டிருந்த பெட்டி பாதியில் பேச்சை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். ஒன்றுதானே, வைஃபை போயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் இன்னொன்று. அப்புறம் இரண்டு சேர்ந்து. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்தேன்.

எங்கள் பெட்டிகளில் பழைய போர்டு, புது போர்டு என்று இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. மாற்றி அனுப்பினால் பெட்டி செத்துப்போகும். மாற்றி அனுப்பிவிட்டேனா? முந்தின நாள் ஆறு முறை சரிபார்த்திருந்தேன். ஏழாவது முறை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இருந்தும் என் கண்ணையே நான் நம்பவில்லை. திரையில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். படிக்கும்போதே மூன்று வரிகள் சாம்பலாயின.

அனுப்புவதை நிறுத்தினேன். இனி யாரும் புதிதாக எடுக்க முடியாது. ஆனால் எடுத்தவர்கள் எடுத்ததுதான். கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதைத் தவிர வழியில்லை. முதலாளிக்கு ஒன்பது தடவை போன் போட்டேன். சட்டையோடு ஆற்றங்கரையில் கிடந்திருக்கும் போன், அடித்து அடித்து ஓய்ந்தது. பன்னிரண்டே காலுக்கு எண்ணினேன். பத்தொன்பது சாம்பல்.

இதில் என்னை அதிகம் நடுங்க வைத்தது என்னவென்றால், ஒருவர் கூட என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பத்தொன்பது வீடுகளில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அமாவாசைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நாளைக் காலை ஆறு மணிக்குப் போய் சுவிட்சைப் போடுவார்கள், பெட்டி எழுந்திருக்காது. அதுவரைக்கும் இது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. நெட் கம்பெனியில் கோளாறு என்று ஒரு செய்தியை வாட்ஸப்பில் அடித்துக்கூட வைத்தேன். அனுப்பத்தான் தைரியம் வரவில்லை. பொய் சொல்லவும் எனக்குப் பயம்தான்.

பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே படித்தேன். அக்கா வீட்டுப் பெட்டியும் சாம்பல். மற்ற வீடுகளில் சேலையின் உடல் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. புட்டா என்கிற அதே சின்னப் பூ திரும்பத் திரும்ப வரும், எங்கே விட்டாலும் எடுத்துக்கொள்ளலாம். அக்கா தறியில் முந்தி, அதாவது முந்தானை. முந்தியில் ஒரு வரி போல இன்னொரு வரி வராது. டிசைன் என்னிடம் பத்திரமாக இருந்தது. ஆனால் எத்தனையாவது இழையில் நிறுத்தினார்கள் என்பது பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. எழுதும்போது அந்தக் குறிப்பைப் பெட்டி கையில் எடுத்து வைத்துக்கொண்டு, எழுதி முடித்ததும் திரும்ப வைக்கும். நடுவில் செத்தால் குறிப்பும் போச்சு. முகூர்த்தச் சேலை அது, வெள்ளிக்கிழமை தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டும். கெட்டால் கடைக்காரர் பெட்டியைக் கழற்றுவார். பெட்டி இல்லாவிட்டால் அக்கா தறியில் உட்கார முடியாது.

மதிய வெயிலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வாசலில் நின்றதும் ஒரு வார்த்தையும் நினைவில்லை.

"வா கண்ணு, நல்ல நேரத்துக்கு வந்தே. இலை போடறேன் உட்காரு" என்றார் அக்கா. என் முகத்தைப் பார்த்து, "இன்னா, வெயில்ல வந்தியா? மூஞ்சியெல்லாம் வெளுத்துக்கினு இருக்குது" என்றார். அவர் கணவர் சுவரோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

வடை, பாயசம். ஒரு வாய் கூட இறங்கவில்லை. அக்கா பேசிக்கொண்டே இருந்தார். "முந்தி அழகா வந்துக்கினு இருக்குது. இவருதான், வயசாயிடுச்சு, கை நிதானமே இல்ல. பக்கத்துல உட்கார்ந்து சேலைக் கரைக்கு இருக்கிற நாடாவத் தள்றதுதான் வேலை, அதையும் தப்பா வுட்டுட்டு 'ஒரு இழை பிரி, ஒரு இழை பிரி'ன்றாரு. கண்ணு எங்க வச்சிருக்கேன்னு திட்டினா சிரிக்கிறாரு." அவர் நிஜமாகவே சிரித்துக்கொண்டுதான் ரசத்துக்குக் கையை நீட்டினார்.

கை கழுவப் போகிற சாக்கில் தறியைப் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டேன். தறியைத் துடைத்துப் பூ வைத்துப் பூஜை போட்டிருந்தார்கள். கரைக்கு மட்டும் இன்னும் ஓடுகிற பழைய அட்டைக்குத் திருநீறு, நாடாவுக்குப் பொட்டு. எங்கள் பெட்டிக்கும் பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, முகப்பின் நடு உச்சியில் ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். பெட்டிக்கு நெற்றி என்று ஒன்று இருந்தால் அது அந்த இடம்தான். சரியாக என் சிவப்பு விளக்கின் மேல்.

"அக்கா, பெட்டிய எப்ப நிறுத்துனீங்க?"

"உச்சிவேளை பூஜை முடிஞ்சதும். நீ சொன்ன மாதிரியே லைட்டு அணைஞ்சிடுச்சான்னு பாத்துட்டுத்தான் நிறுத்தினேன். பொட்டு வைக்கிற வரிக்கும் எரிஞ்சிது, சூடம் காட்டி முடிச்சிட்டுப் பாத்தா லைட்டு இல்ல. பூஜை போட்டாச்சின்னா தறிக்கு ரெஸ்ட்டு, மெயினையே அணைச்சிடுவோம்."

அந்தப் பத்தொன்பது வீட்டிலும் இதுவேதான் நடந்திருக்கும். ஒரே உச்சிவேளை, ஒரே இடத்தில் சந்தனம். என் கோப்பில் தப்பில்லை என்று தெரிந்ததும் ஒரு நொடி உடம்பு லேசாயிற்று. அடுத்த நொடியே அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டேன். அவர் என் பேச்சைத் தட்டாமல் கேட்டதால் வந்த வினை இது. மேஜையில் மூன்று நாள் ஓட்டிப் பார்த்த எனக்கு, பெட்டிக்குப் பொட்டு வைப்பார்கள் என்று தோன்றவில்லை.

சொன்னேன். பெட்டி செத்துவிட்டது, உயிர் கொடுத்துவிடலாம், ஆனால் எந்த இழையில் நின்றோம் என்று அதற்கு இனிமேல் தெரியாது, என் தப்பு. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா, ஆபரேஷன் ஆன முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "திரும்பவும் சும்மா உட்கார வேண்டியதுதானா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இழைய எண்ணிப் பாக்கலாம்க்கா. இப்பவே."

"இன்னிக்குத் தறியத் தொடக் கூடாது" என்றார் கணவர். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "காலைல வாம்மா."

அன்று சாயங்காலம் முதலாளி திரும்பியதும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மற்ற பதினெட்டு வீடுகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மறுநாள் ஐந்தரைக்கே நான் அக்கா வீட்டு வாசலில் இருந்தேன். சந்தனத்தைத் துடைத்து, தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி, புதுக் கோப்பைக் கையாலேயே ஏற்றினேன். சிவப்பு விளக்கு எரிந்து, நிஜமாகவே அணைந்தது. பெட்டி எழுந்தது. திரையில் ஒரே கேள்வி: முடிந்த இழை எத்தனை?

மயில் வரிசை எந்த எண்ணில் முடிகிறது என்று டிசைனில் இருந்தது. அதற்கு மேல் ஜரிகைப் பட்டை, கண்ணுக்கு எல்லா வரியும் ஒன்றுபோல இருக்கும். பட்டையில் எத்தனை இழை ஓடியிருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒன்று பிசகினாலும் இப்போது தெரியாது. பட்டை முடிந்து கோபுர வரிசை வரும்போது, கரையில் இருக்கும் கோபுரத்தோடு சேராமல் ஏறியோ இறங்கியோ நிற்கும். கடைக்காரர் கண்ணுக்கு அது தப்பாது. அக்கா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"இருபத்தெட்டு."

என் விரல் இரண்டைத் தட்டியது. எட்டின் மேல் போனது.

"இருபத்தேழுன்னு போடும்மா" என்றார் கணவர்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அக்கா மறுபடி எண்ணினார். இருபத்தெட்டுதான். "உனக்கு எண்ணவும் வரல இப்போ" என்று அவரைப் பார்த்து எரிச்சலாகச் சொன்னார். இரண்டு பேரில் யாரை நம்புவது? யாரை நம்பினாலும் தப்பினால் அது என் கையால் தட்டிய எண்.

"இருக்கிறது இருபத்தெட்டுதான்" என்றார் அவர். "கடைசி ரெண்டும் ஒண்ணு. முந்தாநாள் சாயங்காலம் கரண்ட் போச்சு இல்ல, வந்ததும் நீ ஒரு இழை போட்டே, அது ரெட்டையா வுழுந்துது. அதுக்குள்ள பூஜை சாமான் வாங்கணும்னு எழுந்துட்டே. காலைல பிரிக்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்பவும் நாடாவத் தப்பா வுட்டியா?"

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "நா எப்பவும் தப்பா வுட்டதில்ல. கரண்ட் போய் வந்தா பெட்டிதான் ரெட்டையா போடுது. மொத நாள்லேர்ந்து" என்றார்.

எட்டு மாதமாக இந்த வீட்டிலிருந்து ஏன் புகார் வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் செய்த பிழையை ஒவ்வொரு முறையும் தன் கைத் தப்பு என்று சொல்லி, அந்த ஒரு இழையைப் பிரிக்க வைத்துச் சேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஏன்யா சொல்லல? எட்டு மாசமா கண்ணு தெரியல, கை நிதானமில்லன்னு உன்னைத் திட்டிக்கினு இருந்தேனே."

"சொன்னா நீ கடைக்காரர் கிட்ட சொல்லிடுவே. அவரு பெட்டிய எடுத்துக்கினு போயிடுவாரு" என்றார் அவர், குனிந்து அந்த இருபத்தெட்டாவது இழையின் நுனியைத் தேடிக்கொண்டே. "திட்டினாலும் தறியில உட்கார்ந்துக்கினு திட்டினே இல்ல."

ஜரிகையை அவர் மெதுவாக உருவி எடுத்தார். நான் இருபத்தேழு என்று தட்டினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிதியில் காலை வைத்தார். கொக்கிகள் எழுந்தன, அவர் தன் நாடாவை விட்டார், பக்கத்திலிருந்து கணவர் கரை நாடாவைத் தள்ளினார். பட்டை முடிந்து கோபுரத்தின் முதல் வரி விழ இன்னும் பல இழைகள் இருந்தன. அது கரையோடு சேர்கிறவரைக்கும் நான் அந்தத் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை.